மழை ஓய்ந்தது, வண்டியைப் பார்ப்போம்

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் மாதத்தில் தொடங்குவது இடவப்பாதி மழை. அக்டோபர், நவம்பரில் பெய்வது துலாவர்ஷம். அதை நாம் ஐப்பசி மழை என்கிறோம்.

மழை பெய்தாலும் வேலைக்குப் போகத்தான் வேண்டும். விழிஞ்ஞத்தில் மீன் எடுத்து வீடு வீடாக விற்பவர் போகிறார். விடியற்காலையில் பத்திரிகை போடுபவர் போகிறார். சாலைக் கடைவீதியில் சரக்கு எடுப்பவரும் போகிறார். இவர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் துணை. வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போய்விடும்.

குளிர் நாடுகளிலும் நம் லடாக்கிலும் பேட்டரிக்குப் பகை பனிக்குளிர். குளிரில் பேட்டரியின் சக்தி குறைந்துவிடும். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை. இங்கே பகை இரண்டு. ஒன்று மழைத் தண்ணீர். மற்றொன்று உப்புக் காற்று. இரண்டும் சேர்ந்தால் கம்பி முனைகளில் களிம்பு ஏறும். மின்சாரம் போகும் வழி அடைபடும்.

மழை ஓய்ந்ததும் வண்டியை நாமே பார்க்கலாம். எழுத்தும் எண்ணும் தெரிந்தால் போதும். எப்படி என்று படிப்போம்.

பேட்டரியைப் படிப்போம்

சீட்டையோ பக்கத்து மூடியையோ கழற்றுங்கள். உள்ளே பேட்டரி இருக்கும். அதன் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். 12 என்ற எண் இருக்கும். அது 12 வோல்ட். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் 6 வோல்ட் இருக்கும். இன்னொரு எண்ணும் உண்டு. 4, 5, 9 என்று ஏதாவது இருக்கும். அது ஆம்பியர் மணி. பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் என்பதை அது சொல்கிறது.

இரண்டு முனைகளில் இரண்டு குறிகள் இருக்கும். கணக்கில் நாம் படித்த அதே குறிகள்தான். ஒன்று கூட்டல் குறி (+). மற்றொன்று கழித்தல் குறி (−). புது பேட்டரி வாங்கும்போது பழையதில் இருந்த எண்களைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். கடைக்காரர் தருவதிலும் அதே எண்கள் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

முனைகளைச் சுத்தம் செய்வோம்

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? அதுதான் பல தொல்லைகளுக்குக் காரணம். அதில் அமிலமும் இருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள்.

1. வண்டியை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள்.

2. முதலில் கழித்தல் முனையைக் கழற்றுங்கள். பிறகு கூட்டல் முனையைக் கழற்றுங்கள். கழித்தல் முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. அதை முதலில் கழற்றிவிட்டால், ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி வராது.

3. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரையுங்கள். பழைய பல் பிரஷ்ஷால் முனைகளைத் தேயுங்கள். நுரை வரும். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது.

4. ஈரத் துணியால் துடையுங்கள். பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள்.

5. மாட்டும்போது முதலில் கூட்டல் முனை. பிறகு கழித்தல் முனை. ஆடாமல் இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். உப்புக் காற்று அண்டாது.

தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். நீர் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. அவற்றில் உப்பு இருக்கிறது. மூடிய பேட்டரி என்றால் அதைத் திறக்கவே கூடாது.

பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். சார்ஜ் ஆகும்போது வருவது ஹைட்ரஜன் வாயு. அது தீப்பற்றி வெடிக்கும்.

என்ன கோளாறு?

சாவியைப் போடுங்கள். ஹாரனை அழுத்துங்கள். விளக்குகளைப் பாருங்கள்.

ஹாரன் முனகுகிறது, விளக்கு மங்குகிறது என்றால் பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருக்கலாம். முனைகள் தளர்ந்திருக்கலாம்.

ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் அழுத்தினால் மட்டும் டிக் டிக் என்கிறது என்றாலும் அதே காரணம்தான் பெரும்பாலும். ஹாரனுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நிறைய வேண்டும்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பையும் ஹோல்டரையும் பாருங்கள். ஹோல்டரில் தண்ணீர் நின்று களிம்பு பிடித்திருக்கும். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள்.

எல்லாமே ஒரே நேரத்தில் நின்றுபோனால்? இந்த உரையாடலைப் படியுங்கள்.

மீன்காரத் தம்பியும் மெக்கானிக்கும்

தம்பி: அண்ணாச்சி, ஒரு லைட்டும் எரியலை. ஹாரனும் அடிக்கலை. புது பேட்டரி வாங்கணுமா?

மெக்கானிக்: பொறுங்க தம்பி. கொஞ்சம் கொஞ்சமா மங்குச்சா, திடீர்னு நின்னுச்சா?

தம்பி: நல்லாத்தான் எரிஞ்சுது. ஹாரன் அடிச்சேன். அப்பவே எல்லாம் போச்சு.

மெக்கானிக்: அப்ப முதல்ல பியூஸைப் பார்ப்போம். பேட்டரி இறங்கினா மெல்ல மெல்ல மங்கும். பியூஸ் போனா ஒரே நொடியில எல்லாம் நிக்கும். இதோ பாருங்க, உள்ளே கம்பி அறுந்திருக்கு.

தம்பி: அவ்வளவுதானா? ஒரு செம்புக் கம்பியைச் சுத்தி விடுங்க அண்ணாச்சி. மீன் கெட்டுப் போகும்.

மெக்கானிக்: அது மட்டும் கூடாது தம்பி. பியூஸ் நம்ம காவல்காரன். கோளாறு வந்தா தான் எரிஞ்சு வண்டியைக் காப்பாத்தும். செம்புக் கம்பி எரியாது. அதுக்குப் பதிலா வயர் எரியும். பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கு? நீங்க உக்காந்திருக்கிற இடத்துக்கு முன்னாலதான்!

தம்பி: ஐயோ! சரி, புது பியூஸே போடுங்க.

மெக்கானிக்: அது ஏன் போச்சுன்னு முதல்ல பார்க்கணும். ஹாரன் வயர் ஹேண்டில் பக்கத்துல உரசி மேல் உறை தேஞ்சிருக்கு. மழையில நனைஞ்சு இரும்புல பட்டிருக்கு. இங்கே டேப் சுத்துவோம். இப்ப பழைய பியூஸ்ல என்ன எண்ணு? படிங்க.

தம்பி: பத்து. சிவப்பு நிறம்.

மெக்கானிக்: சரி. அதே பத்துதான் போடணும். பதினைந்து நீலம், இருபது மஞ்சள். பெரிய எண்ணு போட்டா அதுவும் கம்பி சுத்தின மாதிரிதான். பெட்டியில ஒரு பியூஸ் கூடுதலா வச்சுக்கோங்க.

பத்தே நிமிடத்தில் தம்பி கிளம்பிவிட்டார். புது பேட்டரிக்கான பணம் மிச்சமானது.

எதை நாம் செய்யக் கூடாது?

பெருமழையில் தம்பானூரிலும் கிழக்கே கோட்டையிலும் தண்ணீர் தேங்குவதுண்டு. அப்படித் தண்ணீரில் வண்டி மூழ்கி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே வளைந்து உடையும். தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் போவதைக்கூட மின்சாரம்தான் நடத்துகிறது. அவற்றில் பேட்டரி, பியூஸ், பல்பு வரைக்கும் மட்டும் நாம் பார்க்கலாம். சார்ஜ் ஏற்றியும் பேட்டரி அடிக்கடி இறங்கினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது மீட்டரில் ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். நீங்களும் அந்த எண்ணைப் பாருங்கள்.

பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். அதில் ஈயம் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். அதற்கு விலையும் குறைப்பார்கள்.

பொன்முடி மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பனிமூட்டத்தில் அங்கே விளக்கு அணைந்தால் என்ன ஆகும்? மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முனை, பியூஸ், விளக்கு, ஹாரன் இந்த நான்கையும் பாருங்கள். வண்டியும் ஓடும். உயிரும் பத்திரம்.

பதில் சொல்லுங்கள்

1. பேட்டரியைக் கழற்றும்போது எந்த முனையை முதலில் கழற்ற வேண்டும்? ஏன்?

2. பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றினால் என்ன ஆபத்து?

3. கண்ணில் அமிலம் பட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவது நல்லது. 5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். அப்படியானால் 9 ஆம்பியர் மணி பேட்டரிக்கு எவ்வளவு?

செய்து பாருங்கள்

உங்கள் வண்டியின் அல்லது பக்கத்து வீட்டு வண்டியின் பேட்டரி எண்ணையும் பியூஸ் எண்ணையும் படித்து நோட்டில் எழுதி வாருங்கள்.