மின்சுற்றுப் பலகையைப் பழுதுபார்க்க முதற்கருவிகள்



கைவிளக்கு எரியவில்லை, வானொலி பாடவில்லை என்றதும் அதனைக் குப்பையில் எறிந்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. திறந்து பார்ப்பின், உள்ளிருக்கும் பழுது பல வேளைகளில் மிகச் சிறியதே. மின்கலத்திலிருந்து வரும் கம்பி அறுந்திருக்கும். அல்லது ஓர் இணைப்பில் மயிரிழை அளவு வெடிப்புக் கண்டிருக்கும். இவற்றைச் சீர்செய்யும் கைத்தொழிலே பற்றாசு வைத்தல். கடைகளில் இதனைச் சோல்டரிங் என்பர்.

பின்னாளில் தொழிற்கல்லூரிக்குச் செல்ல விரும்பும் பிள்ளைக்கு இக்கைத்திறன் பெருந்துணையாகும். ஆயினும் பொருந்தாத கருவியை வாங்கினால், பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணம் வீணாகும், பலகையும் கெடும். ‘எனக்குக் கைவரவில்லை’ என்று பிள்ளையும் ஒதுங்கிவிடும். ஆகவே, எதனை வாங்குவது, எதனை விடுவது என்பதை ஆராய்வோம்.

1. பற்றாசுக் கம்பி

பற்றாசு என்பது எளிதில் உருகும் உலோகக் கலவை. வெள்ளீயம் தனியே உருக 232 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். காரீயம் உருக 327 பாகை வேண்டும். 63 பங்கு வெள்ளீயத்துடன் 37 பங்கு காரீயம் சேர்ந்தாலோ 183 பாகையிலேயே உருகிவிடும். வேலைக்கு இஃது எளிது. ஆனால் காரீயம் நஞ்சு. விரல்வழி வாய்க்குச் சென்றால் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே, பிள்ளைகள் பழகும் வீட்டிற்குக் காரீயம் கலவாத கம்பியையே வாங்குக. வெள்ளீயத்துடன் சிறிதளவு செம்பு சேர்ந்த கம்பி 227 பாகையில் உருகும். சூடு சற்று மிகுதியாக வேண்டும், அவ்வளவே.

கம்பியின் பருமன் 0.8 மில்லிமீட்டர் இருப்பின் நன்று. அதன் நடுவில் ரோசின் என்னும் மரப்பிசின் இருத்தல் வேண்டும். உலோகத்தின் மேலுள்ள மாசை நீக்கிப் பற்றாசு பரவிப் படியச் செய்வது இதுவே. தண்ணீர்க் குழாய் ஒட்டுவோர் பயன்படுத்தும் அமிலப் பசையை மின்சுற்றுப் பலகையில் இடலாகாது. நாளடைவில் அது செம்பை அரித்துவிடும்.

2. பற்றாசுக் கோல்

இதுவே தலையாய கருவி. கோலின் சூடு குறைவாக இருந்தால் பலகைக்குக் கேடில்லை எனச் சிலர் எண்ணுவர். உண்மை வேறு. மழுங்கிய உளி பால்மரத்தின் பட்டையை மிகுதியாகக் காயப்படுத்துவதைத் தோட்டத்தில் வாழும் நாம் அறிவோம். அதுபோலவே சூடு போதாத கோலை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால், பலகையில் ஒட்டியுள்ள மெல்லிய செம்புத் தகடு பெயர்ந்துவிடும். போதிய சூட்டில் இரண்டு மூன்று நொடிகளில் வேலை முடிவதே நலம்.

ஆதலால், வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள 60 வாட்டுக் கோலை வாங்குக. காரீயம் கலவாத கம்பிக்கு ஏறத்தாழ 350 பாகை போதுமானது. கூரிய ஊசிமுனையைவிடத் தட்டையான சிறுமுனையே இணைப்பிற்கு விரைவாகச் சூடேற்றும். கோலில் 220 முதல் 240 வோல்ட்டு எனக் குறித்துள்ளதா, நம் நாட்டு மும்முனைச் செருகி உள்ளதா என்றும் பார்த்து வாங்குக.

3. துணைக்கருவிகள்

சூடான கோலை வைக்கத் தாங்கி, முனையைத் துடைக்கப் பித்தளைச் சுருள், பழைய பற்றாசை எடுக்கச் செம்புப் பின்னல் நாடா, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி ஆகிய நான்கும் போதும். பல பொருள்கள் அடங்கிய பெரிய பெட்டியைக் கண்டு மயங்க வேண்டா. அதற்கான பணத்தை நல்ல கோலுக்குச் செலவிடுக.

4. செய்முறை

மின்கலத்தைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்குக. கோல்முனையைக் கம்பியிலும் செம்புத் தகட்டிலும் ஒருசேர வைத்துச் சூடேற்றுக. பற்றாசை அந்த இணைப்பிலே தொடுக. கோல்முனையில் உருக்கி ஊற்றலாகாது. போதிய அளவு பரவியதும் முதலில் பற்றாசையும், பின்னர் கோலையும் எடுக்க. ஆறும்வரை அசைக்கலாகாது. இணைப்பு குன்றின் சரிவுபோல் படிந்திருப்பின் நன்று. உருண்டையாக நின்றால் மீண்டும் சூடேற்றுக. முதலில் பயனற்ற பழைய பலகையில் பழகுக.

வேலை முடிந்ததும் கோல்முனையில் சிறிது பற்றாசு பூசி வைத்தால் துருவேறாது. முனையை அரத்தால் தேய்த்தல் கூடாது, மேற்பூச்சு போய்விடும்.

5. பாதுகாப்பு

பெரியவர் ஒருவர் அருகில் இன்றிப் பிள்ளைகள் கோலைத் தொடலாகாது. பிசின் புகை மூச்சிரைப்பைத் தூண்டும்; ஆதலின் சன்னலைத் திறந்து வைத்து, முகத்தை விலக்கிக்கொள்க. பழைய பலகைகளில் காரீயம் இருக்கக்கூடும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே உணவைத் தொடுக. பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் திறக்கவே கூடாது. மின்தொடர்பைத் துண்டித்த பின்னும் அவற்றுள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

பெற்றோர்களே! விடுமுறை நாளில் ஒருமணி நேரம் பிள்ளையின் அருகில் அமருங்கள். அணைந்துபோன கைவிளக்கு ஒன்று அதன் கையாலேயே மீண்டும் ஒளிவிடும்போது, ‘என்னாலும் முடியும்’ என்னும் நம்பிக்கை அப்பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றும். அந்நம்பிக்கையே கல்வியின் பெரும்பயன்.