பட்டடை என்னும் சொல்லும் அதன் பயன்களும்

கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அதன் சுற்றுப்புறக் கிராமங்களில் நெல்லும் நிலக்கடலையும் முக்கியமான மகசூல்கள். அரிசி ஆலைகளும் அங்கு மிகுதி. நெசவாளரும் குடியானவரும் கருமாரும் அருகருகே தொழில் செய்யும் இத்தகைய ஊரில், ஒருவர் பட்டறைக்குச் சென்றிருக்கிறார் என்றால், அவர் சென்ற இடம் கொல்லனுடைய உலைக்கூடமா, தறிகள் உள்ள கொட்டகையா என்று கேட்டே அறிய வேண்டும். வெங்காயம் பயிராகும் பெரம்பலூர், திண்டுக்கல் பக்கங்களிலோ அச்சொல் வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பையும் குறிக்கும். ஒரு சொல் இத்தனை பொருளில் வழங்குவதன் காரணத்தை அறிவதால் நிலமுடையோருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உண்டாகும் பயன் சிறிதன்று.

சொல்லின் பொருள்

பட்டடை என்பது கொல்லன் காய்ச்சிய இரும்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும் அடைகல்லாகும். பேச்சு வழக்கில் அதனைப் பட்டறை என்பர். திருக்குறளில் கூடா நட்பு என்னும் அதிகாரத்தின் முதற்குறள் (821) இச்சொல்லை ஆள்கின்றது. உள்ளம் பொருந்தாதவரின் நட்பு, தாங்குவது போல் இருந்து, சமயம் வாய்த்தபோது அடிபடுவதற்கு உதவும் பட்டடையை ஒக்கும் என்பது அதன் கருத்து. பழந்தமிழ் இசை வழக்கில், பண்களுக்கு அடிமணையாக நிற்பதுபற்றி இளி என்னும் நரம்பும் பட்டடை எனப்பட்டது. தானியக் குவியலுக்கும், அடுக்கி வைத்த பொருளுக்கும், கொல்லன் தொழில் செய்யும் இடத்திற்கும் இப்பெயர் வந்தது. காதினுள் ஒலியைக் கடத்தும் மூன்று சிற்றெலும்புகளில் நடுவில் உள்ளதற்கும் பட்டடை எலும்பு என்றே பெயர். அடியில் நின்று, மேல் வருவதைத் தாங்குவது என்னும் கருத்து இவற்றுள் பெரும்பாலனவற்றில் அமைந்திருத்தல் காண்க.

கொல்லன் பட்டடை

கொழு, மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து ஆகியவற்றின் கூர்மை, சம்மட்டி அடிப்பவனுடைய வலிமையை மட்டும் பொறுத்ததன்று. பட்டடை கனமாகவும், ஆழப் புதைத்த மரக்கட்டையில் அசையாமலும் இருத்தல் வேண்டும். அது ஆடுமாயின் அடியின் வேகத்தில் ஒரு பகுதி பட்டடையை அசைப்பதிலேயே வீணாகும். இரும்பு நீளாமல் ஆறிவிடும். மறுபடியும் காய்ச்ச நேரும். அடிக்கடி காய்ச்சுவதால் கரியும் காலமும் செலவாவதோடு, எஃகின் தன்மையும் கெடும். பொறி பறக்கும் அளவுக்குக் காய்ந்த எஃகு கருகியதாகும். அதனை எவ்வளவு அடித்தாலும் பழைய உறுதி வாராது. தோய்ச்சல் மிகுந்தால் முனை முறியும், குறைந்தால் மழுங்கும். முன்னாளில் களத்தில் நெல் அளக்கும்போதே கொல்லனுக்கு உரிய பங்கு ஒதுக்கப்பட்டது. டிராக்டர் வந்த பின்னரும் உழுமுனைகளைத் தட்டிக் கூராக்கும் தேவை நீங்கவில்லை. ஆதலின் ஊரில் ஒரு நல்ல பட்டறை நிலைத்திருத்தல், பருவம் தவறாமல் உழுவதற்கு உதவியாகும்.

பட்டுக்கும் பட்டடை

ஆரணிச் சேலையின் ஜரிகைக்கும் பட்டடைக்கும் தொடர்பு உண்டு. ஜரிகை செய்யும் பழைய முறையில், வெள்ளிக் கம்பியை வரவரச் சிறிய துளைகளின் வழியே இழுத்து மயிரிழைபோல் ஆக்குவர். பின்னர் அதனை நன்கு மெருகிட்ட சிறு எஃகுப் பட்டடைமேல் வைத்துத் தட்டித் தகடாக்கி, நூலின்மேல் சுற்றுவர். ஜரிகைத் தொழிலுக்குச் சூரத் நகரம் பெயர் பெற்றது. பிற்காலத்தில் தட்டும் வேலையை உருளை இயந்திரங்கள் ஏற்றன. பட்டடையின் முகத்தில் சிறு கீறல் இருப்பினும் அது தகட்டில் பதிந்து, ஜரிகையின் மினுமினுப்பைக் குறைக்கும்.

தானியப் பட்டறை

விவசாயிக்கு நேரடியான நஷ்டமோ லாபமோ தருவது இதுவே. நெல்லை ஈரம் 14 சதவீதத்திற்கு மேற்படாமல் உலர்த்திய பின்னரே சேமிக்க வேண்டும். அவ்வாறு உலர்த்திய நெல்லும், மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்கினால் தரையின் ஈரத்தை ஏற்கும். அடிமூட்டை பூசணம் பிடிக்கும். அந்நெல்லின் அரிசி நிறம் மாறி, ஆலையில் விலை குறையும். மூட்டைகளுக்கு அடியில் மரக்கட்டைகளைப் பரப்பி, சுவரிலிருந்து ஓர் அடியாவது விலக்கி அடுக்குதல் நலம். சின்ன வெங்காயப் பட்டறையில், கற்களின்மேல் கழிகளைப் பரப்பித் தளத்தை உயர்த்தி, பக்கங்களில் காற்றோட்டமுள்ள தட்டிகள் அடைத்து, மேலே ஓலை வேய்வர். அடியிலும் பக்கத்திலும் காற்று நுழையாவிடில், அழுகிய ஒரு காய் அண்டையிலுள்ளவற்றையும் அழுகச் செய்யும்.

வானத்துப் பட்டடை

இடிமேகம் மிக உயர்ந்து வளர்ந்து, மேலும் எழ இயலாத உயரத்தை அடைந்தவுடன், அதன் தலை பக்கவாட்டில் தட்டையாகப் பரவும். அவ்வடிவம் பற்றி வானிலை நூலார் அதற்குப் பட்டடை என்னும் பெயரையே இட்டனர். கோடைகாலப் பிற்பகலில் இத்தகைய மேகத்தைக் கண்டால் களத்தில் உலரும் கடலையை உடனே மூடுதல் வேண்டும். மழை தொலைவில் பெய்துகொண்டிருக்கும்போதே, மழையில்லாத இடத்தில் மின்னல் விழுவதுண்டு. ஆகையால் இடியோசை கேட்டதும் வயலிலிருந்து நீங்கிக் கட்டடத்தினுள் செல்லுதல் வேண்டும். மரத்தடியில் ஒதுங்குதல் ஆகாது.

கிராமக் கணக்கில் கவனிக்க வேண்டியது

சக்குபந்தி எழுதும்போது "பட்டறைக்கு மேற்கு" என்று மட்டும் குறித்தால், காலப்போக்கில் அது உலைக்கூடமா, தறிக்கொட்டகையா, அறுவடைதோறும் இடம் மாறும் வெங்காயப் பட்டறையா என்ற வழக்கு எழக்கூடும். தறி அகற்றப்படலாம், கொல்லன் ஊரைவிட்டுப் போகலாம், பத்திரமோ நிலைத்து நிற்கும். ஆகவே இன்ன பட்டறை என்பதைத் தெளிவாகக் குறித்து, சர்வே எண்ணையும் சேர்த்து எழுதுவதே தக்கது.

சம்மட்டியின் ஓசை ஊரெங்கும் கேட்கும். அதனைத் தாங்கும் பட்டடையை எவரும் கவனிப்பதில்லை. கொழுவாயினும் நெல்லாயினும் கெடத் தொடங்குவது பெரும்பாலும் அடியிலிருந்தே. அறுவடை வரும்முன் சேமிப்பு அறையின் தளத்தையும், உழவு தொடங்கும்முன் கருவிகளின் முனையையும் பார்த்துக்கொள்ளும் குடியானவர், வீண் நஷ்டத்திற்கு ஆளாகமாட்டார்.