முஹாஸபா: தன்னைத் தானே கணக்குக் கேட்டல்

நாளைக்காகத் தான் எதை முற்படுத்தி வைத்திருக்கிறது என்பதை ஒவ்வோர் ஆத்மாவும் பார்த்துக் கொள்ளட்டும் என்று திருமறை (59:18) கட்டளையிடுகிறது. மனிதன் எத்தனை சாக்குப் போக்குகள் சொன்னாலும் தனக்குத் தானே சாட்சியாக இருக்கிறான் என்றும் (75:14, 15) அது கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் நிலையை அறிய வேண்டிய சாட்சி நம்மிடமே இருக்கிறது. அதை விசாரிக்கத்தான் நாம் உட்காருவதில்லை.

நம் பசுவந்தனை, கோவில்பட்டிக் கரிசல் பூமி மானாவாரியை நம்பியது. விதைக்கும் முன் சம்சாரி என்ன செய்கிறார்? போன வருடம் எந்தப் புஞ்சையில் தண்ணீர் நின்றது, முதல் மழையை நம்பிப் போட்ட உளுந்து எங்கே முளைத்துக் கருகியது என்று நினைத்துப் பார்க்கிறார். அந்த அறிவு எந்த ஏட்டிலும் இல்லை; அவருக்குள்ளேயே இருக்கிறது. அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் திரும்பிப் பார்ப்பவருக்கே அது பாடமாகிறது.

முஃமின் ஒரே பொந்தில் இரு முறை கொட்டப்பட மாட்டான் என்பது நபி (ஸல்) அவர்களின் பொன்மொழியின் கருத்தாகும் (புகாரி, முஸ்லிம்). பத்ரில் (கி.பி. 624) சிறைப்பட்ட அபூ அஸ்ஸா என்ற கவிஞன், ஏழ்மையைச் சொல்லிக் கெஞ்சி, இனி எதிர்க்க மாட்டேன் என்று வாக்களித்து விடுதலை பெற்றான். வாக்கை மீறி உஹதிலும் (625) எதிரிகளுடன் வந்து மீண்டும் பிடிபட்டு, மறுபடியும் கெஞ்சியபோது இவ்வார்த்தை அருளப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். நம்மை மீண்டும் மீண்டும் ஏமாற்றும் நம் நப்ஸுக்கும் இது பொருந்துமல்லவா?

நன்மை எது, பாவம் எது என்று கேட்க வந்த வாபிஸா (ரலி) அவர்களை, உம் உள்ளத்திடமே கேளும் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பி விட்டார்கள் (அஹ்மத்). இதைத் தவறாக விளங்கிக் கொள்ளலாகாது. ஹலால், ஹராம், ஜகாத்து, பாகப்பிரிவினை ஆகியவற்றின் சட்டத்தை அறிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அறியாவிட்டால் அறிந்தோரிடம் கேட்குமாறு திருமறையே (16:43) சொல்கிறது. ஆனால் சகோதரிக்குரிய பங்கைத் தள்ளிப் போடுபவரின் நிய்யத்து என்ன என்பதை எந்த ஆலிம் அறிவார்? சட்டத்தை ஆலிம் சொல்வார். சாக்கு எது, உண்மைக் காரணம் எது என்பதை அவர் உள்ளமே சொல்லும். தனக்குச் சாதகமான பதில் கிடைக்கும் வரை வாசல் வாசலாக ஏறி இறங்குபவர், அந்தச் சாட்சியின் வாயை அடைக்கிறார்.

இதையே தம் வாழ்க்கையாக்கிக் கொண்டதால் ஹாரிஸ் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 243) ‘முஹாஸிபி’ எனப் பெயர் பெற்றார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதை வியாபாரக் கூட்டாளியின் கணக்குக்கு ஒப்பிடுகிறார்கள். காலையில் நப்ஸிடம் நிபந்தனை பேசுவது, பகலில் கண்காணிப்பது, இரவில் லாப நஷ்டம் பார்ப்பது, தவறினால் கண்டிப்பது என்று படிப்படியாக விளக்குகிறார்கள்.

நடைமுறையில் எப்படி? ஒருவருக்கு அடிக்கடி பஜ்ரு தவறுகிறது என்று வைத்துக் கொள்வோம். “நான் பாவி” என்று பொதுவாக அழுவதுடன் நின்றுவிட வேண்டாம். எந்தெந்த நாள் தவறியது? அதற்கு முந்திய இரவு என்ன செய்தேன்? நேரத்தோடு எழுந்த நாட்களில் எது மாறியிருந்தது? கைப்பேசியோடு நள்ளிரவு வரை விழித்திருந்தது தெரிய வரும். மருந்தும் அங்கேயே தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் சீறி விழும் தாய்மாரும், கடையில் சத்தியம் செய்து சரக்கு விற்போரும் இவ்வாறே கேட்டுப் பார்க்கலாம்.

இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் போதும். இன்று எது நன்றாக நடந்தது? அதற்கு அல்ஹம்து லில்லாஹ் சொல்லுங்கள். எது தவறியது? தவ்பாச் செய்யுங்கள். யாருக்காவது ஹக்கு பாக்கி உண்டா? விடிந்ததும் கொடுத்து விடுங்கள். நாளை மாற்ற வேண்டியது எது? ஒன்றை மட்டும் தீர்மானியுங்கள்.

இங்கே கணக்கில் பிழை கண்டால் திருத்த அவகாசம் உண்டு, மறுமையில் இல்லை. கேட்கப்படும் முன் நம்மை நாமே கேட்டுக் கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.