விடுமுறையில் ஒரு பாட்டுக் குழுவின் பின்னால்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகனிடம் டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வரச் சொன்னேன். ‘ஃபிஷ்’ என்று ஒரு குழுவாம். நியூயார்க்கில் 28 முதல் 31 வரை அவர்கள் கச்சேரி இருக்கிறது, நாலு ராத்திரிக்கும் டிக்கெட் வாங்கியாயிற்று என்கிறான். ஒரே குழு, ஒரே அரங்கு. நாலு நாள் உட்கார்ந்து பார்க்க அதில் என்னதான் இருக்கிறது? இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்துவைத்தது? – கோவை வாசகி

பதில்: நாலு நாளும் ஒரே கச்சேரி என்றால் உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் முதல் நாள் வாசித்த பாட்டை அந்த நாலு நாளில் மறுபடி வாசிப்பது அபூர்வம். இன்றைக்கு என்ன வரும் என்று முன்கூட்டி யாருக்கும் சொல்வதில்லை. இசைத்தட்டில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற பாட்டு மேடையில் இருபது நிமிஷம் ஓடும். கிடார், பாஸ், பியானோ, டிரம்ஸ் என்று நாலு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டபடி அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். நம் ஊரில் மனோதர்மம் என்கிறோமே, அதை மின்சாரக் கிடாரில் செய்கிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி வாசிக்கிற குழுவுக்கு ‘ஜாம் பேண்ட்’ என்று பெயர். 2017 கோடையில் இதே ஃபிஷ் குழு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 ராத்திரி வாசித்தது. மொத்தம் 237 பாட்டு. ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. ஒரு நாள் போய்விட்டு வந்தவர் பதின்மூன்றில் ஒரு பங்கைத்தான் கேட்டார்!

தொடங்கிவைத்தவர்கள் ஃபிஷ் அல்ல, ‘கிரேட்ஃபுல் டெட்’. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஊரில் 1965இல் சேர்ந்த குழு. இவர்களுடைய ‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டு 1968இல் சிறிய இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. அடுத்த ஆண்டு மேடைப் பதிவாக வெளிவந்தபோது 23 நிமிஷத்தைத் தாண்டியிருந்தது. பாட்டு இப்படி நாளுக்கு ஒரு வடிவம் எடுத்தால் ரசிகன் ஒரு தடவையோடு நிற்பானா?

ஆனால் ஆசை மட்டும் போதாது. குழு அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் உள்ளூர்ச் சுவரொட்டி பார்த்துத்தான் கச்சேரி இருப்பதே தெரியவரும். 1971இல் வந்த ஒரு ஆல்பத்தின் உறைக்குள் டெட் குழு ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோளை அச்சிட்டது. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், முகவரி அனுப்பினால் எங்கள் சேதி சொல்கிறோம் என்பது அதன் சாரம். கடிதங்கள் குவிந்தன. குழுவின் அலுவலகத்திலிருந்து ரசிகர்களின் வீட்டுக்கே செய்தி மடல் போகத் தொடங்கியது. 1980களில் குழு இன்னொரு படி போய், டிக்கெட்டையும் தானே தபாலில் விற்றது. சிறிய அட்டையில் எந்தெந்த நாள் வேண்டும் என்று எழுதி, மணியார்டர் இணைத்து, குறித்த தேதியில் அஞ்சலில் சேர்க்க வேண்டும். உறையில் படம் வரைந்து அனுப்பினால் டிக்கெட் கிடைத்துவிடும் என்று நம்பி, உறை முழுக்க வண்ணம் தீட்டி அனுப்பியவர்கள் ஏராளம். ஊர் ஊராகப் பின்தொடரும் கூட்டம் தானாக முளைத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகவரிப் பட்டியல் வைத்து, தபால் அனுப்பி, டிக்கெட்டும் ஒதுக்கி வளர்த்தெடுத்த கூட்டம் அது.

கேள்வி: அது சரி, புத்தாண்டு ராத்திரி ஏன் இவர்களுக்கு அவ்வளவு முக்கியம்? – திருநெல்வேலி வாசகர்

பதில்: இதற்கு ஒரு தற்செயலும் ஒரு மனிதரும் காரணம்.

தற்செயல் முதலில். 1963 டிசம்பர் 31. பாலோ ஆல்டோவில் ஓர் இசைக்கருவிக் கடையில் ஜெர்ரி கார்ஸியா என்ற இளைஞர் பாஞ்சோவை வைத்துக்கொண்டு மாணவர்களுக்காகக் காத்திருந்தார். அன்றைக்குப் புத்தாண்டு இரவு, யாரும் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. பாஞ்சோ சத்தம் கேட்டு உள்ளே நுழைந்தார் பாப் வியர் என்ற 16 வயதுப் பையன். இருவரும் அன்று ராத்திரி சேர்ந்து வாசித்தார்கள். கிரேட்ஃபுல் டெட்டின் விதை அங்கே விழுந்தது. ரசிகர்களுக்கு இது தலபுராணம் மாதிரி.

மனிதர், பில் கிரகாம். 1931இல் பெர்லினில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பிய குழந்தையாக அமெரிக்கா வந்து, பிற்பாடு சான் ஃபிரான்சிஸ்கோவின் பெரிய கச்சேரி அமைப்பாளர் ஆனவர். நடிகராக வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. அந்த ஆசையை டிசம்பர் 31இல் தீர்த்துக்கொண்டார். 1966 புத்தாண்டு இரவில் ஃபில்மோர் அரங்கில் டெட்டையும் ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவையும் மேடையேற்றினார். அதன்பின் சில ஆண்டுகள் தவிர டெட்டின் புத்தாண்டு கிரகாம் ஏற்பாட்டில்தான். பன்னிரண்டு மணிக்குக் கிரகாம் காலதேவன் வேஷம் போட்டுக்கொண்டு ஏதாவது விசித்திர வாகனத்தில் கூட்டத்தின் தலைக்கு மேல் வருவார். பலூன்கள் கொட்டும்.

இவற்றில் 1978ஆம் ஆண்டு இரவைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். பழைய ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கமான வின்டர்லேண்ட் அன்றோடு மூடப்பட்டது. கிரகாம் ராட்சதக் கஞ்சாச் சுருட்டு ஒன்றின் மேல் ஏறி வந்தார். டெட் குழு கிட்டத்தட்ட விடியும்வரை வாசித்தது. முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் காலைச் சாப்பாடு. அரங்கில் ரசிகர்கள் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள்: இந்த ஊரில் ‘டார்க் ஸ்டார்’ வாசித்து 1,535 நாள் ஆயிற்று என்று. 1974 அக்டோபரிலிருந்து யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். அன்று குழு அதை வாசித்தது. கேட்பவர் கணக்கு வைக்கிறார், வாசிப்பவருக்கு அந்தக் கணக்கு எட்டுகிறது. உங்கள் நாலு நாள் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை, கோவை வாசகி அவர்களே.

இன்னொரு காரணம் சாதாரணமானது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் கல்லூரிகள் மூடியிருக்கும், பல அலுவலகங்கள் தூங்கிவழியும். 25ஆம் தேதி வீட்டில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வண்டி ஏறினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு ராத்திரிக்காக அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு முன்னால் இரண்டு மூன்று கச்சேரி சேர்த்துவைத்தால் அரங்குக்கும் லாபம். அப்படி வளர்ந்ததுதான் இந்த வருடக்கடைசி ‘ரன்’.

1991 அக்டோபரில் ஹெலிகாப்டர் விபத்தில் கிரகாம் இறந்தார். அந்த டிசம்பர் 31இல் ஓக்லண்டில் டெட் வாசித்தது. அதற்குப் பிறகு புத்தாண்டு இரவில் அவர்கள் மேடையேறவே இல்லை.

கேள்வி: ரசிகர்கள் கச்சேரியை ரிக்கார்டு செய்துகொள்ள அந்தக் குழுவே அனுமதித்ததாமே? பிழைக்கத் தெரியாதவர்களா? – மதுரை வாசகர்

பதில்: நன்றாகவே பிழைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த சுற்றுப்பயணக் குழுக்களில் டெட்டும் ஒன்று.

முதலில் ரசிகர்கள் மைக்கை ஒளித்துக் கொண்டுவந்தார்கள். குழு கண்டும் காணாமல் இருந்தது. மைக் கம்பங்கள் பெருகி, பின்னால் இருப்பவர்களுக்கு மேடையே தெரியாத நிலை வந்தபோது, 1984இல் அவர்களுக்கென்று தனி இடமும் தனி டிக்கெட்டும் ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனை, பதிவை விற்கக் கூடாது. கேட்பவர் வெற்றுக் கேசட்டும் திரும்ப அனுப்பத் தபால்தலையும் அனுப்பிவைப்பார். இருப்பவர் பிரதி எடுத்து அனுப்புவார். எங்கோ ஒரு சின்ன ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கும் பையனுக்கு இப்படித்தான் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி போய்ச் சேர்ந்தது. அந்தப் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பிற்பாடு தன் தேசியப் பதிவுத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

டெட்டுக்குப் பாட்டெழுதிய ஜான் பெர்ரி பார்லோ 1994இல் ஒரு கட்டுரையில் இதையே பொருளாதாரப் பாடமாக எழுதினார்: பதிவு எவ்வளவு பரவுகிறதோ, நேரில் கேட்கும் ஆசை அவ்வளவு கூடுகிறது. சரிதான். கேசட் கேட்டவன் கச்சேரிக்கு வந்தான். கச்சேரிக்கு வந்தவன் அடுத்த ஊருக்கும் கிளம்பினான். எல்லாக் குழுவுக்கும் இது பலிக்காது. தினம் ஒரே மாதிரி வாசிக்கிறவர்களின் ஒரு கேசட் போதும், டிக்கெட் எதற்கு?

கேள்வி: வேலைவெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்குச் சாப்பாடு எப்படி? – சேலம் வாசகர்

பதில்: அரங்கின் வாகன நிறுத்துமிடம்தான் சந்தை. டெட்டின் 1978ஆம் ஆண்டு ஆல்பத்தின் பெயரால் அதை ‘ஷேக்டவுன் ஸ்ட்ரீட்’ என்பார்கள். வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, சீஸ் வைத்த ரொட்டியைச் சுட்டு விற்பார்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பனியன், மணிமாலை, கையால் அச்சடித்த ஸ்டிக்கர். விற்ற காசு பெட்ரோலுக்கும் அடுத்த டிக்கெட்டுக்கும். டிக்கெட் இல்லாதவர் ஒரு விரலை உயர்த்திக்கொண்டு நடப்பார். யாராவது இலவசமாகக் கொடுத்தால் அது ‘மிராக்கிள்’. அதுவும் ஒரு பாட்டின் பெயரிலிருந்து வந்தது.

எல்லாம் அழகாகவே இருக்கவில்லை. போதைப்பொருள் விற்பனை, நைட்ரஸ் ஆக்ஸைடு நிரப்பிய பலூன், போலீஸ் எல்லாம் உண்டு. 1987இல் ‘டச் ஆஃப் கிரே’ என்ற பாட்டு நாடு முழுக்கப் பிரபலமாகி, டிக்கெட்டே இல்லாமல் வெறும் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் பெருகியது. குழு கூடாரம் போடுவதையும் கடை போடுவதையும் தடுத்துப் பார்த்தது. 1995 ஜூலையில் இந்தியானாவில் டிக்கெட் இல்லாதவர்கள் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்து. அடுத்த மாதம், ஆகஸ்ட் 9இல் கார்ஸியா காலமானார். கிரேட்ஃபுல் டெட் என்ற பெயரில் மீண்டும் வாசிப்பதில்லை என்று மற்றவர்கள் முடிவெடுத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் ஃபிஷ் அவர்களுடைய வாரிசா? – புதுச்சேரி வாசகர்

பதில்: அப்படிச் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது. 1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய குழு. ஆரம்பத்தில் டெட் பாட்டுகளை வாசித்தார்கள். ஒப்பிட்டுப் பேசுவது பொறுக்காமல் விட்டுவிட்டார்கள். நெடுங்காலம் கழித்து 1998இல் கார்ஸியாவின் நினைவுநாளன்று ஒரே ஒரு டெட் பாட்டை வாசித்தபோது அரங்கு கதறியது. பதிவுக்கு அனுமதி, தினம் மாறும் பட்டியல், தபால் டிக்கெட், வருடக்கடைசிக் கச்சேரி என்று நடைமுறைகளை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

கிரகாமின் நாடகத்தனமும் கூடவே வந்தது. 1994 டிசம்பர் 31, பாஸ்டன் கார்டனில் நாலு பேரும் ராட்சத ஹாட் டாக் ஒன்றில் ஏறிக் கூட்டத்தின் மேல் பறந்தார்கள். அந்த ஹாட் டாக் கிளீவ்லாந்தின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குக் காட்சிப்பொருளாகப் போய், 2010 புத்தாண்டுக்கு மறுபடி பறக்க வந்தது. 1995இல்தான் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் புத்தாண்டு. 1999இல் ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடியினரின் நிலத்தில், 75,000 பேருக்கும் மேல் கூடியிருக்க, நள்ளிரவை ஒட்டித் தொடங்கிச் சூரியன் வரும்வரை ஏழு மணி நேரத்துக்கு மேல் மேடையை விட்டு இறங்காமல் வாசித்தார்கள். 2021இல் கொரோனாவின் ஓமிக்ரான் அலையால் நியூயார்க் கச்சேரிகள் தள்ளிப்போயின. டிசம்பர் 31க்கு வாங்கிய டிக்கெட்டோடு ரசிகர்கள் 2022 ஏப்ரலில் போய் உட்கார்ந்தார்கள்!

சேலம் வாசகருக்கும் ஒரு வார்த்தை: மன்ஹாட்டன் நடுவில் அடுப்பு மூட்ட வாகன நிறுத்துமிடம் கிடையாது, குளிர் வேறு. சந்தை நடைபாதைக்குச் சுருங்கிவிட்டது. ரயிலில் வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சௌகரியம். மேடிசன் ஸ்கொயர் கார்டன் பென் ஸ்டேஷனுக்கு நேர் மேலே இருக்கிறது. ஓட்டல் அறைதான் அந்த வாரத்தில் கையைக் கடிக்கும். அதனால் ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுப்பது வழக்கம். உங்கள் மகனும் அப்படித்தான் படுப்பான், கோவை அம்மா.

கேள்வி: இந்தக் கதையில் நம்மவர் யாராவது உண்டா? – தஞ்சை வாசகர்

பதில்: உண்டு. டெட்டின் இரண்டு டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். 1960களின் கடைசியில் டெட் குழு பதினோரு அட்சரக் கணக்கில் ஒரு பாட்டு வாசித்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். 1976இல் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் ஹுசைனோடு சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டார். பிறகு 1991இல் பல நாட்டுத் தாளக் கலைஞர்களைக் கூட்டிக்கொண்டு ‘பிளானட் டிரம்’ என்று இன்னொன்று. அதில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது வாங்கியது இந்த ஆல்பம்தான்.