கெரென் மலையில் மதராஸ் சப்பர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் தமிழர்கள் இத்தாலியப் படையோடு மோதியதுண்டா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: உண்டு. 1941 பிப்ரவரியில் எரித்ரியாவின் கெரென் நகருக்குப் போகும் வழியை ‘சவோய் கிரனேடியர்’ காலாட்படை டிவிஷனின் அணிகளும் பிற இத்தாலியப் படைகளும் மறித்து நின்றன. எதிரே வந்த 4-வது இந்திய டிவிஷனில், தமிழர்கள் பெருமளவில் சேர்ந்த மதராஸ் சப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 12-வது ஃபீல்டு கம்பெனியும் இருந்தது.

குற்றால மலை என்றால் அருவிதான் நினைவுக்கு வரும். கெரெனிலோ வறண்ட மொட்டைப் பாறைகள். குடிநீரையும் தோட்டாவையும் ஆட்களே சுமந்து ஏற்றினார்கள். டொங்கோலாஸ் கணவாய்ச் சாலையை இத்தாலியர் வெடிவைத்துப் பாறைகளால் அடைத்திருந்தனர். குண்டுமழைக்கு நடுவே அதைத் திறக்கப் பாடுபட்ட இந்திய சப்பர்களின் துணிச்சல் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

மார்ச் 27-ல் கெரென் வீழ்ந்தது. ஐம்பது நாள் தாக்குப்பிடித்த இத்தாலியரின் உறுதியும் மதிக்கத்தக்கதே.

இதுபோன்ற போர்களில் சிறைப்பட்ட இத்தாலியர் பலர் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். மதராஸ் சப்பர்ஸின் தலைமையகம் இருந்த பெங்களூரிலும் அவர்களுக்கு முகாம்கள் இருந்தன.