குழிநரியும் தூக்கணாங்குருவியும்: தம்பி தங்கையருடன் ஒரு களப் பாடம்

நன்றாக நடக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் கடந்துவிடுவார். அவரையே ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையோரம் நடக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் 100 மீட்டர் கடந்தாலே அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேகம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது தெரியும். எறும்புச் சாரையைக் கண்டால் குழந்தை நிற்கும். நத்தை ஓட்டைக் கண்டால் உட்கார்ந்தே விடும். "சீக்கிரம் வா" என்று நாம் கையைப் பிடித்து இழுப்போம்.

இயற்கையை உற்றுநோக்க விரும்புகிறவருக்குக் குழந்தையின் வேகமே சரியான வேகம். அதன் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இன்னொரு வசதியும் அதற்கு உண்டு. தெளிவான பார்வையின் மீச்சிறு தொலைவு 25 செ.மீ. என்று ஒளியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது வளர்ந்த மனிதருக்குரிய கணக்கு. சிறு குழந்தையின் விழிவில்லை நன்கு நெகிழ்வதால், 10 செ.மீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ள பொருளைக்கூட அது தெளிவாகக் காணும். பொருள் கண்ணை நெருங்க நெருங்க விழித்திரையில் விழும் பிம்பம் பெரிதாகும் அல்லவா? ஆகவே குழந்தை தன் கண்ணிலேயே ஓர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு நடக்கிறது எனலாம். அதனிடம் இல்லாதவை அளவுகோலும் கோணவியலும். அவை உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய உங்களிடம் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதை நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பார்க்கலாம்.

புறப்படுமுன் சில எச்சரிக்கைகள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வேகமாக ஓடும் நாளில் வாய்க்கால் கரைக்குக் குழந்தையை அழைத்துப் போக வேண்டாம். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றின் பக்கமும் வேண்டாம். திராட்சைப் பந்தலில் மருந்து அடித்திருந்தால் விலகியே நடங்கள். கல்லைக் கையால் புரட்டாதீர்கள். அடியில் தேள் இருக்கும், சில வேளை பாம்பும் இருக்கும். கூட்டில் உள்ள முட்டையைத் தொடக்கூடாது. இவ்வளவு போதும்.

முதலில் தொலைவாகப் போக வேண்டியதில்லை. பள்ளித் தாழ்வாரத்தின் ஓரம், கோயில் மண்டபத்தின் அடி, கூரையிறக்கத்தின் கீழ் என்று மழை நனைக்காத புழுதி மண் எங்கே இருக்கிறதோ அங்கே குனிந்து பாருங்கள். புனலைப் புதைத்து எடுத்ததுபோல் சின்னஞ்சிறு குழிகள் காணப்படும். அவற்றின் சொந்தக்காரனைக் குழிநரி என்றும் குழியானை என்றும் சொல்வார்கள். நரியுமல்ல, யானையுமல்ல, அது ஒரு பூச்சியின் இளம்புழு. வளர்ந்து இறக்கை முளைத்தபின் தட்டானைப் போலத் தோன்றும். ஆனால் தட்டானைப் போலப் பகலில் திரியாமல் இரவில் பறப்பதால் அதை நாம் எளிதில் காண்பதில்லை.

"குழிக்குள்ள யாருண்ணே இருக்கா?" என்று தம்பி கேட்பான். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஈர்க்குச்சியின் நுனியால் குழியின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மணல் துகள்களை உள்ளே தள்ளிவிடச் சொல்லுங்கள். (எறும்பைப் பிடித்துப் போட்டு வேடிக்கை பார்ப்பவர்களும் உண்டு. பாடத்துக்கு அது தேவையில்லை.) புழுவுக்குப் பசி இருந்தால், அடியில் மறைந்திருந்தபடியே தலையைச் சொடுக்கி மணலை மேல்நோக்கி வாரி இறைக்கும். தவறி விழுந்த எறும்பு ஏற முயலும்போது நடப்பதும் இதுதான். கால் வைத்த இடமெல்லாம் சரிகிறது. கீழிருந்து வாரி இறைப்பதால் இன்னும் சரிகிறது. எறும்பு புழுவின் கொடுக்குத் தாடைகளுக்கு நடுவே வந்து விழுகிறது.

மணல் ஏன் அவ்வளவு எளிதாகச் சரிகிறது? உலர்ந்த மணலைச் செய்தித்தாளின் மேல் மெல்லக் கொட்டிக்கொண்டே வாருங்கள். குவியல் உயரும், ஒரு குறிப்பிட்ட சரிவை எட்டியதும் மேற்கொண்டு செங்குத்தாகாமல் பக்கவாட்டில் வழியத் தொடங்கும். அந்தச் சரிவின் கோணத்தைச் சாய்வு ஓய்வுக்கோணம் என்பர். குவியலின் உயரத்தை அடிப்பகுதியின் ஆரத்தால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். உலர் மணலுக்கு அது பெரும்பாலும் 30 முதல் 35 பாகைக்குள் அமையும். இனிக் குழிக்கு வாருங்கள். வாயின் அகலம் 5 செ.மீ., ஆழம் 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 2.5 செ.மீ.; 1.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.6, கோணம் ஏறத்தாழ 31 பாகை. குழியின் சுவர் ஏறக்குறைய ஓய்வுக்கோணத்திலேயே நிற்கிறது! ஒவ்வொரு துகளும் விழுவதா நிற்பதா என்ற எல்லையில் இருக்கிறது. எறும்பின் சிறிய எடை அந்தச் சமநிலையைக் கெடுக்கப் போதும்.

குழிநரிக்குக் கோணவியல் தெரியாது. பின்னோக்கி நகர்ந்து வட்டமிட்டபடியே மணலை வெளியே எறிகிறது. சரிவை மணலே தீர்மானித்துக்கொள்கிறது. ஈர மணலில் துகள்களுக்கிடையே உள்ள நீரின் பரப்பு இழுவிசை அவற்றைப் பிணைத்துவிடும். அதனால்தான் ஈர மணலில் செங்குத்தாகச் சுவர் எழுப்பிக் குழந்தைகளால் வீடு கட்டி விளையாட முடிகிறது. அத்தகைய சுவர் எறும்பின் காலடியில் சரியாது. மழை படாத இடத்தையே குழிநரி தேடுவதன் காரணம் இப்போது விளங்கும். தம்பிக்கு டேன்ஜென்ட் எல்லாம் வேண்டாம். ஈர மணலிலும் உலர்ந்த மணலிலும் ஒவ்வொரு குழி தோண்டிப் பார்க்கச் சொன்னால் போதும், அவனே கண்டுபிடித்துவிடுவான்.

இனி மேலே பார்ப்போம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. இடையே நம் பள்ளத்தாக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளைக் கடந்து இங்கே வீசுகிற வீச்சுக்குத்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்கு வெறும் பழமொழி அன்று. இந்தக் காற்றில் புல்லால் பின்னிய ஒரு கூடு தென்னை ஓலையில் தொங்குகிறது என்றால் அது சின்ன செய்தியா?

தூக்கணாங்குருவியின் கூட்டைக் கட்டுவது ஆண் குருவி. நெல் தாளிலிருந்தும் கரும்புத் தோகையிலிருந்தும் நாராகக் கிழித்து வந்து பின்னும். ஒரு கூட்டை முடிக்க 500 முறை வரை பறந்து போய் வருவதும் உண்டு. ஏறக்குறைய 18 நாள் வேலை. பாதி வேலை முடிந்து கூடு தலைகீழான கிண்ணம்போல் இருக்கும்போதே பெண் குருவி வந்து பார்வையிடும். பிடிக்காவிட்டால் போய்விடும். தரையில் கிடக்கும் அரைகுறைக் கூடுகளைத் தங்கை பொறுக்கி வந்தால், அவை பெரும்பாலும் அப்படிக் கைவிடப்பட்டவையே.

அந்தக் கூட்டின் உட்புறத்தைப் பாருங்கள். ஈரக் களிமண் உருண்டைகளை அப்பியிருக்கும். மின்மினியை ஒட்டிவைத்து விளக்கேற்றத்தான் அந்த மண் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. கேட்க இனிமையான கதை. ஆனால் சான்று இல்லை. காற்றில் கூடு அதிகம் ஆடாதிருக்கவே மண் பயன்படுகிறது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. தொங்கும் பொருளைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. எடை கீழ்நோக்கி இழுக்கிறது. சாயும் கோணத்தின் டேன்ஜென்ட், காற்றின் விசையை எடையால் வகுத்த ஈவு. வெறுங்கூடு 45 பாகை சாயும் காற்றில், அதன் எடையை இரட்டிப்பாக்கினால் சாய்வு 27 பாகையாகக் குறைந்துவிடும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு காலித் தீப்பெட்டிகளில் ஒன்றில் மட்டும் மணலை நிரப்பி, இரண்டையும் ஒரே நீள நூலில் கட்டி மேசை விசிறியின் முன் தொங்கவிடுங்கள். எது அதிகம் சாயும் என்று விசிறியைப் போடுமுன்பே தங்கையைச் சொல்லச் சொல்லுங்கள். பந்தயம் கட்டினாலும் தவறில்லை!

கூடுகள் மரத்தின் எந்தப் பக்கத்தில் தொங்குகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கிழக்குப் பக்கம் என்று இந்தியாவில் இக்குருவியை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு மரமே தடுப்பாக நிற்கிறது. உங்கள் ஊர்த் தோப்பில் இது மெய்தானா என்பதை நூலைப் பார்த்து அன்று, எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எண்ணும் வேலை தங்கைக்கு, திசைகாட்டி உங்களுக்கு.

எண்ணியதை எழுதிவைக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். காரணம் நம் மேகமலையிலேயே இருக்கிறது. ஹைவேவிஸ் மலைத் தோட்டப் பகுதியில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் 1948-இல் அங்கே ஒரு வௌவாலைச் சேகரித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் போய்ச் சேர்ந்தது. எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று கருதப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. பின்னர் தாய்லாந்து நாட்டு விலங்கியலறிஞர் கிட்டி தோங்லோங்யா அதன் பற்களையும் மண்டையோட்டையும் ஆராய்ந்து, இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று 1972-இல் வெளியிட்டார். லாட்டிடென்ஸ் சலிமாலீ என்பது அவர் சூட்டிய பெயர். உலகம் முழுவதற்கும் அந்த ஒரே மாதிரிதான் அப்போது இருந்தது. எங்கே பிடித்தது என்ற குறிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அதை மீண்டும் எங்கே போய்த் தேடுவது? குறிப்பு இருந்ததால்தான் 1993-இல் அதே மேகமலைப் பகுதியில் மறுபடியும் கண்டுபிடிக்க முடிந்தது. இன்றும் அது அழியும் ஆபத்திலுள்ள உயிரினமே.

சலிமாலீ என்பது பறவையியலறிஞர் சாலிம் அலியைக் குறிக்கும். அவர் சிறுவனாக இருந்தபோது சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று தாய்மாமனிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. 'குருவிதானே, போடா' என்று விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் சிறுவனை அனுப்பிவைத்தார். மில்லார்டும் பொறுமையாகப் பேசி, இழுப்பறைகளில் இருந்த பறவைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். இன்று நமக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை, சட்டமும் அனுமதிக்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மேகமலை இப்போது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் போகக்கூடாது. சிறு குழந்தைகளுக்குக் களத்துமேடும் தோப்பும் கண்மாய்க்கரையுமே ஏராளம்.

நோட்டில் இடம், தேதி, மணி, காற்று வரும் திசை ஆகியவற்றை முதல் வரியில் எழுதுங்கள். அடுத்துக் குழந்தை சொன்னதை அது சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். "வாலு ஆடுற குருவி" என்று அது சொன்னால் அப்படியே இருக்கட்டும். பெயரைப் பிறகு நூலில் தேடிக்கொள்ளலாம். அதன்பின் உங்கள் அளவுகள்.

இந்த ஆண்டுக்கு ஒரு வேலை தருகிறேன். ஆடியில் ஒரு தோப்பிலுள்ள தூக்கணாங்குருவிக் கூடுகளை நான்கு திசைக்கும் தனித்தனியாக எண்ணிப் பட்டியலிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வரும். அப்போது அதே தோப்புக்குத் தம்பியையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு மீண்டும் போங்கள். பச்சை மாறாத புதுக்கூடு ஏதேனும் தென்பட்டால், அது மரத்தின் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று குறித்து எழுதுங்கள்.