பெருத்துப்போன இன்பாக்ஸ்

தண்டர்பேர்ட் மென்பொருளில் ஒவ்வொரு ஃபோல்டரும் கணினியின் வட்டில் ஒரே கோப்பாக இருக்கிறது. இன்பாக்ஸில் 40,000 மெயில் இருந்தால் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கோப்புக்குள்தான் கிடக்கும். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் இந்த முறைக்கு எம்பாக்ஸ் என்று பெயர். கூடவே ஒரு சிறிய அட்டவணைக் கோப்பும் உண்டு, அதன் பெயர் .எம்எஸ்எஃப் என்று முடியும். எந்த மெயில் எந்த இடத்தில் தொடங்குகிறது, படித்ததா படிக்காததா என்பதெல்லாம் அதில் குறித்திருக்கும். திரையில் தெரிவது இந்த அட்டவணை. அது கெட்டுப்போனால் மெயில்கள் காணாமல் போனதுபோலத் தோன்றும். ஃபோல்டரின் பிராபர்ட்டீஸில் உள்ள 'ரிப்பேர் ஃபோல்டர்' அதைப் புதிதாக எழுதித் தரும்.

கோப்பு பெருப்பதற்கு முதற்காரணம் அட்டாச்மென்ட். மெயில் என்பது எழுத்துகளுக்காக அமைந்த ஏற்பாடு. படமோ பிடிஎஃப்போ அதில் போகவேண்டுமானால் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாறியாக வேண்டும். மூன்று பைட் நான்கு எழுத்தாகும். 15 எம்பி டிசைன் மெயிலுக்குள் 20 எம்பிக்கு மேல் இடம் பிடிப்பது இதனால்தான். சிவகாசியில் ஆடிப்பெருக்கையொட்டிப் புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை ஓர் அச்சகத்துக்கு வரும் டிசைன்களும், திருத்தங்களும், திருத்தத்துக்குத் திருத்தங்களும் கொஞ்சநஞ்சமல்ல. அனுப்பியவை சென்ட் ஃபோல்டரிலும் சேரும். இதை எழுதுபவரின் அச்சகத்தில் இன்பாக்ஸ் மட்டும் 11 ஜிபியைத் தொட்டிருந்தது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. மெயிலை அழித்தாலும் கோப்பு சிறுக்காது. ஷிஃப்ட்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்தினால் மெயில் பட்டியலிலிருந்து மறையும். கோப்புக்குள் அதன் தலைப்பகுதியில் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்ற வரியில் அழிக்கப்பட்டதாக ஒரு குறி மட்டும் விழும். உண்மையில் வெளியேற்றும் வேலை 'காம்பாக்ட்' என்பதன் பொறுப்பு. குறி விழாத மெயில்களை மட்டும் புதிய கோப்பில் எழுதி, பழையதைத் தூக்கி எறிந்துவிடும். அந்த நேரத்தில் வட்டில் ஏறக்குறைய ஃபோல்டர் அளவுக்குக் காலி இடம் வேண்டும்.

ஆகவே, அழித்ததற்கும் காம்பாக்ட் செய்வதற்கும் இடைப்பட்ட நேரம்தான் தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் ஒரே நேரம். இந்தக் கட்டுரைக்குக் காரணமான இழப்பு அந்த இடைவெளியைத் தவறவிட்டதால் நடந்ததுதான். இன்பாக்ஸைக் குறைக்க வேண்டுமென்று, அனுப்புநர் வாரியாக அடுக்கி, ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்-டிலீட் கொடுக்கப்பட்டது. தேர்வு சில நூறு வரிகள் கீழே இறங்கிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. அப்போதும் எதுவும் போய்விடவில்லை. மறுநாள் காலை, ஃபோல்டர்களைக் காம்பாக்ட் செய்தால் இத்தனை ஜிபி மிச்சமாகும், செய்யலாமா என்று மென்பொருளே கேட்டது. கணினி பழுதுபார்க்க வந்திருந்தவர், "யெஸ் குடுங்கண்ணாச்சி, பறக்கும்" என்றார். கொடுக்கப்பட்டது. பறந்தும் போயிற்று. போனவற்றுள் ஒரு வாடிக்கையாளரின் 'ஓகே, அச்சடிக்கலாம்' மெயிலும் ஒன்று. காலண்டரில் தொலைபேசி எண் தவறு என்று அவர் சண்டைக்கு வந்தபோது காட்ட ஒன்றுமில்லாமல், மறு அச்சுச் செலவு அச்சகத்தின் தலையில் விழுந்தது. பழுதுபார்த்தவர் அன்றைய கூலியைக் குறைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு 'நோ' சொல்லியிருந்தால் மீட்கும் வழி இருந்தது. மென்பொருளை மூடிவிட்டு இன்பாக்ஸ் கோப்பை வேறிடத்தில் ஒரு நகல் எடுக்க வேண்டும். கோப்பு இருக்கும் இடத்தை ஹெல்ப் மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' காட்டும். பெரிய கோப்புகளைத் திறக்கவல்ல டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, மேற்சொன்ன ஸ்டேட்டஸ் வரியில் 0009 என்று இருப்பதை 0001 ஆக்க வேண்டும். 9 என்பது படித்து அழித்தது; 1 என்பது படித்தது. படிக்காமல் அழித்தது 0008. அது 0000 ஆகும். பிறகு .எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் நீக்கிவிட்டுத் திறந்தால் மெயில்கள் திரும்பி வரும். காம்பாக்ட் தானாக நடக்கும் வசதியை, செட்டிங்ஸில் வட்டு இடம் பற்றிய பகுதியில் நிறுத்திவைக்கலாம். நிறுத்தத்தான் வேண்டும்.

எல்லா மெயிலையும் சர்வரிலேயே வைக்கும் ஐமேப் முறை இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பார் உண்டு. அங்கே ஒரு கணினியில் அழித்தது சர்வரிலும் அழிந்துவிடும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. இணையம் நின்றாலும் பழைய மெயில் கையில் இருக்க வேண்டிய தொழிலுக்கு, மெயிலை இறக்கி வைத்துக்கொள்ளும் பாப் முறையே சரி. இறக்கியதற்கு நகல் இருக்க வேண்டும், அவ்வளவே.

மற்றவை வழக்கமானவை. ஆண்டுக்கொரு ஃபோல்டர் திறந்து பழையதை அதற்கு நகர்த்தலாம்; இன்பாக்ஸ் சிறியதாக இருந்தால் போதும். அட்டாச்மென்ட்டை மட்டும் தனியே சேமித்து மெயிலிலிருந்து நீக்கலாம். ஆனால் ஒப்புதல் மெயில்களில் கைவைக்கக்கூடாது.

அவுட்லுக்கில் நிலைமை வேறு. அங்கே எல்லா ஃபோல்டர்களும் சேர்ந்து ஒரே பிஎஸ்டி கோப்பு. 2002 வரையிலான பதிப்புகளில் அதற்கு 2 ஜிபி எல்லை. அதைத் தொட்ட கோப்பு திறக்க மறுக்கும். 2003 பதிப்பில் எல்லை 20 ஜிபி ஆயிற்று, 2010இல் 50 ஜிபி. பழுதானால் 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற கருவி கூடவே வருகிறது. அதை ஓட்டும் முன்னும் நகல் எடுத்தாக வேண்டும்.

நகல் எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எவ்வளவு காலி இடம் இருந்தாலும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த வட்டு வேண்டும். ஆன்டிவைரஸ் ஒரே ஒரு கெட்ட மெயிலுக்காக இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் தூக்கிப் பூட்டி வைப்பதும் உண்டு. வரும் மெயிலைத் தனித்தனியாகச் சோதிக்க ஆன்டிவைரஸை அனுமதிக்கும் தேர்வு தண்டர்பேர்டின் பிரைவசி பகுதியில் இருக்கிறது. அதற்கு டிக் போட்டுவிட்டால் கெட்டது மட்டும் பிடிபடும்.